எலைட்: சரக்கு துறை சேரும் வரை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆசையாகக் கேட்டு வாங்கும் சாமான்களில் ஒன்று, சரிவான மூடி போட்ட கணக்குப் பெட்டி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூடிமேல் ஏட்டை வைத்து எழுதி, பணத்தையும் பத்திரத்தையும் உள்ளே போட்டுப் பூட்டுவதற்காகச் செய்த பெட்டி அது. வாங்கிப் போகிறவர்கள் அதை வரவேற்பறையில் வைத்து மேலே ஒரு பூச்சாடியை நிறுத்துகிறார்கள். பெட்டி அழகுதான். ஆனால் உள்ளே எந்த அறை எதற்கு, அந்தப் பெட்டியடியில் உட்கார்ந்த பையன் என்ன கற்றுக்கொண்டு எழுந்தான் என்பதெல்லாம் கடையோடு நின்றுவிடுகிறது. 1984இல் வந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டுக்கும் இதுதான் நடக்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த கப்பலைப் பனியனில் அச்சடிக்கிறார்கள். "அந்தக் காலத்திலேயே முப்பரிமாணம்" என்று வியக்கிறார்கள். அதோடு முடிந்தது. இந்த ஏக்கம் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணம் நெடுநாளாக மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. எலைட்டில் ஏங்குவதற்குரிய விஷயம் அந்தக் கோடுகளும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு சரக்கை ஏற்றிக்கொண்டு இன்னொரு துறையில் பத்திரமாக இறக்குகிற வரைக்கும் லாபம் லாபமே இல்லை என்பதை அது கையால் கற்றுக்கொடுத்தது. அதைத்தான் பேச வேண்டும்.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதியது என்பது தெரிந்த கதை. தார்ன் இஎம்ஐ நிறுவனம் மூன்று உயிர், பத்து நிமிட ஆட்டம், மதிப்பெண் என்று கேட்டு இதை வேண்டாம் என்றதும், ஏகார்ன்சாஃப்ட் வாங்கி வெளியிட்டதும்கூடப் பலருக்குத் தெரிந்திருக்கும். நம்மவர்களுக்குத் தெரியாமல் போனது வேறொன்று. 1984-85இல் நடுவண் அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்து இறங்கிய இயந்திரமும் இதே பிபிசி மைக்ரோதான். விநாடிக்கு 20 லட்சம் துடிப்பில் ஓடும் 6502 சில்லு, 32 கிலோபைட் நினைவகம். எலைட் முழுவதும் இதற்குள் அடங்கியாக வேண்டும். அதிலும் திரைக்கே கிட்டத்தட்ட 8 கிலோபைட் போய்விடும். இன்று கைப்பேசியில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

மூன்று எண்கள்

8 பால்வெளி மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 ஊர், ஆக 2048 ஊர். ஊர் என்றால் இங்கே ஒரு கிரகமும் அதைச் சுற்றி மிதக்கும் ஒரு நிலையமும். ஒவ்வொன்றுக்கும் பெயர், இருக்குமிடம், ஆட்சிமுறை, பொருளாதாரம், மக்கள்தொகை, தொழில்நுட்ப நிலை. இவற்றை வரிசையாக எழுதி வைக்க நினைவகத்தில் இடமே கிடையாது. ஆகவே எழுதி வைக்கவில்லை. வேண்டும்போது கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டார்கள். முதல் மண்டலத்தின் விதை மூன்று எண்கள்தான்: 23114, 584, 46931. மூன்றையும் கூட்டுங்கள், 70629 வரும். 16 பிட்டுக்குள் 65535க்கு மேல் நிற்காது, அதனால் 65536 போக மிச்சம் 5093. இப்போது முதல் எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, மற்ற இரண்டையும் ஒரு படி முன்னால் நகர்த்தி, கடைசியில் 5093ஐச் சேர்த்தால் புதிய மூன்று எண்கள்: 584, 46931, 5093. மறுபடியும் கூட்டுங்கள், 52608. இப்படி நான்கு முறை முறுக்கினால் அடுத்த ஊர் வந்துவிடும். எண்களின் குறிப்பிட்ட பிட்டுகளைப் பார்த்தால் ஆட்சி, பொருளாதாரம், வரைபடத்தில் எங்கே என்பதெல்லாம் கிடைக்கும். ஊர்ப் பெயருக்கு 32 ஈரெழுத்துத் துணுக்குகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு முறுக்கிலும் அதிலிருந்து ஒரு துணுக்கு விழும். முதல் ஊர் திபேடியட், அடுத்தது க்யூப், பிறகு லெலீர், பியார்ஜ், செக்வெரின், டிராவோர், ரபெடிரா. எட்டாவதாக வருவது லேவ், ஆட்டம் தொடங்கும் ஊர்.

அடுத்த மண்டலத்துக்குப் போக விதையின் ஒவ்வொரு பைட்டையும் இடப்பக்கம் ஒரு பிட் சுழற்றினால் போதும். எட்டு முறை சுழற்றினால் பைட் பழைய நிலைக்கே வந்துவிடும், எட்டு மண்டலங்களுக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தியது. எழுதியவர்கள் முதலில் மண்டலங்களின் எண்ணிக்கையை 2இன் 48ஆம் அடுக்கு அளவுக்கு, அதாவது 2.8 கோடிக் கோடிக்கும் கொஞ்சம் மேலே, வைக்க விரும்பினார்கள். நிரல் அதற்கும் இடம் கொடுத்திருக்கும். பதிப்பாளர்தான் எட்டு போதும் என்று நிறுத்தினார். அது எவ்வளவு சரியான முடிவு என்பது இப்போதுதான் விளங்குகிறது. 2014இல் இதே பிராபெனின் நிறுவனம் வெளியிட்ட எலைட் டேஞ்சரஸில் 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள் உண்டு. 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கையில் கிரகங்களின் எண்ணிக்கை 2இன் 64ஆம் அடுக்கு. இரண்டும் பிரமாதமான உழைப்பு. ஆனால் அவற்றில் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி "அங்கே என்ன விலை" என்று யாராலும் மனப்பாடமாகச் சொல்ல முடியாது. லேவ், டிசோ, லீஸ்டி, ஜாவோன்ஸ், ரீட்குவாட் என்ற ஐந்தாறு ஊர்களுக்கும் என்ன விலை, எங்கே கொள்ளை பயம் என்று எலைட் ஆடியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பினாங்கில் ஒரு வட்டி, மோல்மீனில் ஒரு வட்டி என்று விரல் நுனியில் வைத்திருந்த தலைமுறை வாழ்ந்த ஊர்ப்பக்கத்தில் இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

நூறு கிரெடிட் முதல்

ஆட்டம் தொடங்கும்போது கையில் 100 கிரெடிட். கோப்ரா மார்க் 3 என்ற கப்பல், முன்பக்கம் ஒரு பல்ஸ் லேசர், மூன்று ஏவுகணை, 20 டன் சரக்கறை, 7 ஒளியாண்டு போகும் எரிபொருள். இதுதான் முதல். கதை கிடையாது, "இங்கே போ, இவனைக் கொல்" என்ற கட்டளை கிடையாது. லேவ் வளமான வேளாண் ஊர் என்றும், அங்கே உணவு மலிவு என்றும் சந்தைப் பலகையில் இருக்கும். மற்றது உங்கள் பாடு.

விலை எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் ஆட்டத்தின் பாதி கைக்கு வந்துவிடும். பொருளாதாரம் எட்டு படி: வளமான தொழில் ஊர் 0, சராசரித் தொழில் ஊர் 1, இப்படியே ஏறி வளமான வேளாண் ஊர் 5, ஏழை வேளாண் ஊர் 7. ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அடிப்படை எண்ணும், படிக்குப் படி ஏறும் அல்லது இறங்கும் ஓர் எண்ணும் உண்டு. வந்த விடையை 0.4ஆல் பெருக்கினால் டன் விலை. உணவுக்கு அடிப்படை 19, படிக்கு 2 குறையும். லேவ் 5ஆம் படி, ஆகவே 19இல் 10 போக 9, விலை 3.6. ஜாவோன்ஸ் 1ஆம் படி, 17, விலை 6.8. சந்தை ஏற்ற இறக்கத்தில் உணவு 0.4க்கு மேல் ஆடாது. 16 டன் உணவை 57.6க்கு வாங்கி ஜாவோன்ஸில் 108.8க்கு விற்றால் 51.2 லாபம், கையில் 151.2. எரிபொருள் 0.1 ஒளியாண்டுக்கு 0.2 கிரெடிட், காலி டாங்க்கை முழுசாக நிரப்ப 14. அதைக் கழித்தாலும் முதல் பயணத்திலேயே போட்ட பணம் ஒன்றரை மடங்கை நெருங்கிவிடும். திரும்பும்போது கம்ப்யூட்டர் சரக்கு. அடிப்படை 154, படிக்கு 14 ஏறும். ஜாவோன்ஸில் 67.2, லேவில் 89.6. டன்னுக்கு 22க்கும் மேல் நிற்கும். முதலில் இரண்டு டன்தான் வாங்க முடியும், கவலை வேண்டாம். நாலைந்து நடை போனால் சரக்கறை நிறையும்.

புதியவர்களைக் கவிழ்ப்பது ஃபர் என்கிற ரோம வகை. விலை அதிகம் என்பதால் கண்ணைப் பறிக்கும். லேவில் 52.4, ஜாவோன்ஸில் 66.8 என்று கணக்கு சொல்லும். ஆனால் இந்தச் சரக்கில் ஏற்ற இறக்கம் 25 கிரெடிட் வரை போகும். லேவில் 77.6க்கு வாங்கி ஜாவோன்ஸில் 66.8க்கு விற்க வேண்டிய நாளும் வரும், டன்னுக்குப் பத்து கிரெடிட்டுக்கு மேல் நஷ்டம். அந்த ஏற்ற இறக்கம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஒரே பாய்ச்சலில் தாவி வந்து சேரும்போது ஒருமுறை நிர்ணயமாகிறது. நிலையத்தை விட்டு வெளியே போய் உடனே திரும்பி வந்தாலும் விலை மாறாது, இருப்பும் கூடாது. ஆகவே ரோமத்தைக் கணக்குப் பார்த்து வாங்காதீர்கள், அன்றைய பலகையைப் பார்த்து வாங்குங்கள். 55க்குக் கீழே இருந்தால் எடுக்கலாம், 60க்கு மேல் போனால் தொடாதீர்கள். அடிமைகள், போதைப்பொருள், ஆயுதம் மூன்றும் சட்டவிரோதம். கையில் இருப்பது தெரிந்தால் பெயர் கெட்டு, போலீஸ் கப்பல் துரத்தும். அடிமைகளை ஒரு சந்தைச் சரக்காகப் பட்டியலில் வைத்தது அந்த விளையாட்டின் மேல் ஒட்டிய கறைதான். அதைத் தொடாமல் ஆடினாலும் ஆட்டத்தில் ஒரு குறையும் வராது.

நகரத்தார் வணிகத்தோடு இதை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் பெரும்பாலும் செய்தது சரக்கு வணிகம் அல்ல, கொடுக்கல் வாங்கல். எலைட்டிலோ கடன் என்பதே கிடையாது. கொடுக்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை, வட்டி ஓடாது. அதனால் இதில் திவாலாவது வேறு மாதிரி. முழுப் பணத்துக்கும் சரக்கு வாங்கி, வழியில் கப்பலைக் காப்பாற்றச் சரக்கை வெளியே கொட்டி, எரிபொருள் போடக் காசில்லாத ஊரில் போய் நிற்பது. அங்கிருந்து தாவ முடியாது. அந்த ஊர் வானத்தில் வரும் கொள்ளையரைச் சுட்டு, தலைக்குக் கிடைக்கும் பரிசுப் பணத்தில்தான் எழ வேண்டும். ஒரு டாங்க்குக்கான 14 கிரெடிட்டை எப்போதும் தொடாமல் வைத்திருங்கள். ஒப்பிடத் தகுந்தது அந்தப் பயிற்சிதான். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தாரின் வட்டிக்கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகப் போனவன் முதல் நாளே கடன் கொடுக்க உட்காரவில்லை. ஏடு எழுதி, சில்லறை எண்ணி, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருடத் தவணைக்குப் பொறுப்பேற்கிற ஏஜெண்டாகிறவரை எல்லாமே சின்னத் தொகைகளில் கை பழகுவதுதான். எலைட்டின் முதல் பத்து நடையும் அப்படித்தான். தொகை சிறியது, தவறு பெரிதாக வலிக்காது, ஆனால் வலிக்கும்.

எந்த ஊருக்குப் போவது என்பதில் விலையோடு ஆட்சியையும் பார்க்க வேண்டும். அராஜகம், நிலப்பிரபுத்துவம் என்று போட்டிருக்கும் ஊர்களில் கொள்ளையர் மொய்ப்பார்கள். ஜனநாயகம், நிறுவன ஆட்சி என்றால் வழி பெரும்பாலும் நிம்மதி. ஜாவோன்ஸ் நிறுவன ஆட்சி, லீஸ்டியும் அப்படியே, டிசோ ஜனநாயகம். ரீட்குவாட் அராஜகம், பல்ஸ் லேசரோடு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். 7 ஒளியாண்டையும் ஒரே தாவலில் தீர்ப்பதும் வேண்டாம். எப்போதாவது தாவல் பாதியில் அறுந்து இரண்டு ஊர்களுக்கு நடுவே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே காத்திருப்பவை தார்காய்டு என்ற வேற்றுக்கோள் எதிரிகளின் கப்பல்கள். மிச்ச எரிபொருள் இருந்தால்தான் அங்கிருந்து பக்கத்து ஊருக்குத் தாவ முடியும்.

வாசல்

எலைட்டின் உயிர் இங்கேதான். இதைச் சொல்லாமல் எலைட்டைப் பற்றி எழுதுகிற எந்தக் கட்டுரையும் பாதிக் கட்டுரைதான். கிளம்புவதற்கு ஒரே ஒரு விசை, எஃப்-0. தாவுவதற்கு எச். வந்து சேருவதற்கு மட்டும் குறுக்குவழி இல்லை. ஊரைச் சுற்றி மிதக்கும் கோரியோலிஸ் நிலையம் தன் அச்சில் ஓயாமல் சுழல்கிறது. அதன் ஒரு முகத்தின் நடுவில் தபால் பெட்டி வாய் போல நீளமான ஒரு பிளவு, அதுதான் வாசல். நிலையத்தோடு சேர்ந்து வாசலும் சுழல்கிறது. கப்பலை அதே வேகத்தில் உருட்டி, பிளவு கிடைமட்டமாக நிற்கும்படி செய்து நுழைய வேண்டும். தப்பினால் கப்பல் சிதறும், சரக்கு போகும். ஆட்டத்தைச் சேமிக்க முடிவதும் நிலையத்துக்குள் வந்த பிறகுதான். அதாவது ஜாவோன்ஸில் சரக்கு வாங்கியதும், வழியில் மூன்று கொள்ளையரைச் சமாளித்ததும் எதுவும் ஏட்டில் ஏறவில்லை. வாசலைக் கடந்த பிறகுதான் ஏறும்.

செய்முறையை வரிசையாகச் சொல்கிறேன். புதிய ஊருக்குள் தாவி வந்ததும் கிரகம் வெகு தொலைவில் இருக்கும். ஜே விசையைத் தட்டினால் கப்பல் பெரிய பெரிய எட்டாக முன்னேறும். பக்கத்தில் வேறு கப்பலோ கிரகமோ சூரியனோ இருந்தால் ஜே வேலை செய்யாது, ஓர் ஒலி மட்டும் வரும். அப்படி ஒலித்தால் உடனே நாலாபக்கமும் பாருங்கள், யாரோ இருக்கிறார்கள். கிரகத்தை நெருங்கியதும் கீழே உள்ள கருவிப் பலகையில் எஸ் என்ற எழுத்து தோன்றும். நிலையத்தின் பாதுகாப்பு எல்லைக்குள் வந்தாயிற்று என்று பொருள். அதுவரை கிரகத்தைக் காட்டிக்கொண்டிருந்த திசைகாட்டி அப்போதிலிருந்து நிலையத்தைக் காட்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் நேரே நிலையத்தை நோக்கிப் பாய்வார்கள். போய்ப் பார்த்தால் அங்கே வாசல் இருக்காது. ஏனென்றால் வாசல் எப்போதும் கிரகத்தைப் பார்த்தபடி இருக்கும், நீங்கள் வருவதோ வெளிப்பக்கத்திலிருந்து. நிலையத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

ஆகவே நிலையத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அதைத் தாண்டிப் போங்கள், கிரகத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே. ரொம்பப் போனால் கிரகத்தில் மோதும் அபாயம், உயரக் காட்டியை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையம் பின்பக்கக் காட்சியில் சின்னதாகும் அளவுக்குத் தள்ளி வந்த பிறகு மூக்கைத் தூக்கி முழுசாகத் திரும்புங்கள். இப்போது வாசலுள்ள முகம் எதிரே இருக்கும். அந்த முகம் சதுரம். நேர் எதிரே நின்றால் நான்கு பக்கமும் ஒரே அளவில் தெரியும், பிளவும் நட்டநடுவில் இருக்கும். ஒரு பக்கம் சப்பையாகவோ, பிளவு ஓரமாக ஒதுங்கியோ தெரிந்தால் நீங்கள் அச்சில் இல்லை. இந்தக் கப்பலுக்குப் பக்கவாட்டில் நகரும் வசதி கிடையாது. மூக்கை வேறு பக்கம் திருப்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடி நிலையத்தை நோக்கித் திரும்பிப் பாருங்கள். சலிப்பில்லாமல் இரண்டு மூன்று முறை செய்தால் முகம் சதுரமாகிவிடும். தொலைவில் செய்கிற திருத்தம் சுலபம், கிட்டே வந்து செய்கிற திருத்தம் ஆபத்து.

பெரும்பாலான விபத்துகள் இதற்கு அடுத்த படியில் நடக்கின்றன. சுழல்கிற பிளவைப் பார்த்ததும் பதற்றத்தில் முதலில் கப்பலை உருட்டத் தொடங்கிவிடுவார்கள். உருட்டிக்கொண்டே போகும்போது திரை மையத்திலுள்ள குறுக்குக்கோடு பிளவின் நடுவிலிருந்து விலகியிருப்பது தெரியும், உடனே மூக்கை மேலே தூக்குவார்கள். கப்பல் உருண்டுகொண்டிருப்பதால் இந்தக் கணத்தில் மேலே இருப்பது அடுத்த கணத்தில் பக்கவாட்டில் இருக்கும். தூக்கத் தூக்கக் கப்பல் திருகாணி போலச் சுற்றிக்கொண்டே விலகும். வரிசை மாறக் கூடாது: முதலில் மையம், பிறகு வேகம், கடைசியில் உருட்டல். குறுக்குக்கோட்டைப் பிளவின் நடுவில் பதித்து, கேள்விக்குறி விசையால் வேகத்தைக் குறைத்து, பிளவு திரையில் நன்றாகப் பெரிதான பிறகு மட்டும் நிலையம் சுழலும் திசையிலேயே கப்பலை உருட்டுங்கள். உருட்டத் தொடங்கியபின் மூக்கைத் தொடாதீர்கள். பிளவு கிடைமட்டமாக நின்றதும் அப்படியே உள்ளே போங்கள். நூல் பிடித்தது போல இருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் சாய்வு இருந்தாலும் வாசல் ஏற்றுக்கொள்ளும். மிக மெதுவாகப் போய் இடித்தால் கேடயம் குறைவதோடு பிழைத்துக்கொள்ளலாம். வேகத்தில் இடித்தால் அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். விசையை விட்டதும் உருட்டல் தானாகத் தணிந்து நின்றுவிடும், ஆட்டம் முதலில் அப்படித்தான் இருக்கும். நிலையத்தோடு ஒத்துச் சுழல இது இடைஞ்சல், விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டிவரும். காப்பி விசையால் ஆட்டத்தை நிறுத்தி, கேப்ஸ் லாக்கை ஒருமுறை அழுத்தி, டெலீட்டால் மீண்டும் தொடங்கினால் இந்தத் தணிப்பு போய்விடும். ஒருமுறை கொடுத்த உருட்டல் அப்படியே தொடரும். சண்டையில் தணிப்பு இருப்பது நல்லது, வாசலில் இல்லாமலிருப்பது நல்லது. இரண்டாவது, லேசர் சுடும் விசை ஏ. மூக்கைச் சாய்க்கும் விசை அதை ஒட்டியிருக்கும் எஸ். வாசலுக்கு எதிரே விரல் தடுமாறி ஏ மேல் பட்டால் நிலையத்தையே சுட்டதாகிவிடும். உள்ளிருந்து போலீஸ் கப்பல்கள் வரும், வாசல் உங்களை ஏற்காது. அப்போது நுழையப் பார்ப்பதில் பயனில்லை. மிச்ச எரிபொருள் இருந்தால் வேறு ஊருக்குத் தாவிவிட வேண்டும், அதற்காகவும்தான் டாங்க்கைக் காலி செய்யாதே என்பது.

இவ்வளவு பாடுபடுத்துகிற ஒரு வாசலைக் கோடுகளால் எப்படி நம்ப வைத்தார்கள் என்பதும் பார்க்க வேண்டிய வேலைப்பாடு. எல்லாக் கோட்டையும் புரட்டிப் போடுகிற முறையில் வரைந்தார்கள்: இருட்டான புள்ளி வெளிச்சமாகும், வெளிச்சமான புள்ளி இருட்டாகும். அதே கோட்டை மறுமுறை வரைந்தால் அழிந்துவிடும், திரை முழுவதையும் துடைக்க வேண்டியதில்லை. உற்றுப் பார்த்தால் இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு புள்ளி காணாமல் போயிருப்பது தெரியும். கப்பல்களை எல்லாம் குழிவில்லாத வடிவமாக வைத்துக்கொண்டதால், நம்மைப் பார்க்காத முகங்களின் கோடுகளை விட்டுவிட்டாலே பின்பக்கம் மறைந்துவிடுகிறது. திரையின் மேல் 192 வரி நுண்ணிய ஒற்றை நிறம், கீழே 56 வரி கருவிப் பலகைக்கு நான்கு நிறம். அந்தக் கணினியில் ஒரே திரையில் இரண்டு வகைக்கு இடமில்லை. ஒளிக்கற்றை கருவிப் பலகை வரைக்கும் இறங்கும்போது ஒரு கடிகாரச் சில்லு குறுக்கிட்டு, முறையை மாற்றிவிட்டுப் போகிறது, ஒவ்வொரு முறை திரை வரையப்படும்போதும். நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிடாத எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் நிரலில்) கருவிப் பலகை கோடு கோடாகக் கலைந்து தெரிந்தால் காரணம் இதுதான்.

1500 கிரெடிட்

ஆட்டத்தின் திருப்பம் ஒரு கடைச் சாமானில் இருக்கிறது. டாக்கிங் கம்ப்யூட்டர், விலை 1500. வாங்கிப் பொருத்திவிட்டால் பாதுகாப்பு எல்லைக்குள் சி விசையைத் தட்டினால் போதும். பிபிசியின் கேசட், டிஸ்க் பதிப்புகளில் அந்தக் கணமே நிலையத்துக்குள் இருப்பீர்கள். காமடோர் 64இல் கப்பல் தானே பறந்து நுழையும், பின்னணியில் ஸ்ட்ராஸின் நீல டான்யூப் இசை ஒலிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை வாங்கிய நாளோடு எலைட் வேறு விளையாட்டாகிவிடுகிறது. சந்தைப் பலகையில் லாபம் தெரிந்தால் அது கையில் வந்தது போலத்தான், நடுவில் சோதனை இல்லை. சரக்கு வெறும் எண்ணாகிவிடும், மிச்சமிருப்பது சண்டை. பட்டங்களும் அதையே ஊக்குவிக்கின்றன. ஆபத்தற்றவன் என்பதில் தொடங்கி எலைட் என்ற உச்சிப் பட்டம் வரை எல்லாமே சுட்டு வீழ்த்திய கணக்கு. உச்சிக்கு 6400 கப்பல் வேண்டும். எவ்வளவு சம்பாதித்தாய், எத்தனை முறை சேதமில்லாமல் துறை சேர்ந்தாய் என்பதற்குப் பட்டம் இல்லை. இந்த விளையாட்டில் எனக்கிருக்கும் ஒரே மனத்தாங்கல் அது.

அதனால்தான் இன்றைய பிரம்மாண்ட விண்வெளி விளையாட்டுகளைப் பார்த்துவிட்டு எலைட்டுக்கு வருகிறவர்கள் கோடுகளைப் பார்த்து ஏமாந்து அரை மணியில் எழுந்து போகிறார்கள். அவர்களிடம் யாரும் வாசலைப் பற்றிச் சொல்லவில்லை. ஆட விரும்பினால் வழி சுலபம். ஜேஎஸ்பீப் என்ற பிபிசி மைக்ரோ எமுலேட்டர் உலாவியிலேயே ஓடும். எஃப்-0, காப்பி இரண்டும் உங்கள் கீபோர்டில் எந்த விசையில் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லேவை விட்டே வெளியேற முடியாது. நிரல் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மார்க் மாக்ஸன் வரிக்கு வரி விளக்கம் எழுதி வைத்திருக்கும் மூல நிரல் ஒரு புதையல். விலைக் கணக்கையும் ஊர்ப் பெயர் முறுக்கலையும் அதில் நேரடியாகப் பார்க்கலாம். கோடு வேண்டாம், நிறம் வேண்டும் என்றால் ஊலைட் என்ற இலவச விளையாட்டு அதே ஊர்களோடு, அதே சுழலும் வாசலோடு இருக்கிறது.

முதல் உட்காரலில் வியாபாரமே வேண்டாம். சரக்கில்லாமல் லேவை விட்டு வெளியே வாருங்கள். வாசலை விட்டு வரும்போது கிரகம் எதிரே, நிலையம் முதுகுக்குப் பின்னால், அதாவது ஏற்கெனவே சரியான அச்சில்தான் இருக்கிறீர்கள். நேரே கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நுழையப் பழகுங்கள். கை வந்த பிறகு உணவு ஏற்றி ஜாவோன்ஸ் போங்கள். கையில் 1500 சேர்ந்ததும் கடையில் டாக்கிங் கம்ப்யூட்டர் கண்ணைக் காட்டும். அதை விடுங்கள். 400க்குப் பெரிய சரக்கறை வாங்கினால் 20 டன் 35 டன்னாகும். 600க்கு ஈசிஎம் வாங்கினால் வரும் ஏவுகணை வழியிலேயே வெடிக்கும். 525க்கு எரிபொருள் அள்ளி வாங்கினால் சூரியனை உரசிப் போய் இலவசமாக டாங்க் நிரப்பலாம், அறை வெப்பக் காட்டி முழுவதும் ஏறிவிடும் முன் விலகிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல். மூன்றும் சேர்ந்து 1525. இன்னும் ஒரு நடை உணவு ஏற்றினால் அந்த 25 வந்துவிடும்.